டார்ச் இல்லாமல் வா

பெசன்ட் நகர்

அன்புள்ள கயல்,

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்ததை உன் அப்பா போனில் சொன்னான். "நாலு வருஷம் மரம் எண்ணப் போறாளாண்ணா?" என்று கேட்டான். மரம் எண்ணுவதும் படிப்பில் உண்டுதான் என்றேன். வனத்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான். அவனிடம் சொல்லாத மீதியை உனக்கு எழுதுகிறேன்.

மண், மரவளர்ப்பு, நில அளவை, செயற்கைக்கோள் படம் பார்த்து வரைபடம் போடுவது, எல்லாவற்றையும் ஒழுங்காகப் படி. அரைகுறையாகப் படித்தவனைக் காடு ஒரே மழையில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பரீட்சையில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த இடத்துக்கு உனக்கு முன்னால் யார் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பட்டது இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துப் புறம்போக்கில் கன்று நடச் சொன்னார்கள். கணக்கில் அது தரிசு. குழி வெட்டினோம், நட்டோம், முள்வேலி போட்டோம். ஒரு மாதத்தில் வேலி பிரிந்து கிடந்தது, உள்ளே ஆடுகள். நான் கத்தினேன். ஒரு பாட்டி நிதானமாகச் சொன்னார்: "இது எங்க மந்தைவெளி சாமி. நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே." கணக்குப் புத்தகத்தில் தரிசு, ஊர் வாயில் மேய்ச்சல் நிலம். மயிலாப்பூர் போகும்போது நீ பஸ்ஸில் கடக்கிற மந்தைவெளியும் அப்படி ஓர் இடம்தான். மாடு போய்விட்டது, பெயர் நிற்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் சர்வே எண்ணுக்கு முன்னால் ஊர்ப்பெயரைக் கேள்.

கேட்டு நடந்ததற்கும் உதாரணம் உண்டு. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை முதலில் காத்தது துறை அல்ல, ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் காவல் உரிமையை 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

நீ சின்ன வயதிலிருந்து விளையாடிய நம் எலியட்ஸ் கடற்கரையையே எடுத்துக்கொள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் நள்ளிரவில் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். 1988 முதல் நடக்கும் வேலை இது. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை, பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நகரும். இருட்டில் கடல்தான் வெளிச்சம். தெருவிளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் போய்விடும். பெரிய ஆமைகளோ இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகின்றன. ஆக, ஆமையைக் காக்க நீ யாரிடம் பேச வேண்டும்? விளக்குப் போட்ட மாநகராட்சியிடம், விசைப்படகுக்காரரிடம், ஊரூர் குப்பத்துப் பெரியவரிடம், ராத்திரி காற்று வாங்க வருபவரிடம். ஆமையோடு ஒரு மணி நேரம் என்றால் மனிதர்களோடு ஒன்பது மணி நேரம். "எனக்கு மனுஷங்களே வேணாம் பெரியப்பா, அதான் காடு" என்று நீ போன தீபாவளிக்குச் சொன்னாயே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் ராமநாதபுரத்தில் அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மரத்தை எடுக்கும் திட்டத்தில் அவர்கள் அடுப்புக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். கல்லாறு பக்கம் யானை வாழைத்தோட்டத்தில் இறங்கிய மறுநாள் காலையில், விவசாயியிடம் யானையின் பெருமையைப் பேசாதே. முதலில் நஷ்டத்தை எழுதிக்கொள்.

இன்னும் சில. வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு நட, அவர்களுக்கு முன்னால் நடக்காதே. செடியின் லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் உள்ளூர்ப் பெயரையும் நோட்டில் எழுது. 2006 வன உரிமைச் சட்டத்தைப் படி. கிராம சபைக்கு அதில் என்ன அதிகாரம் என்று தெரியாத அதிகாரி இரண்டு பக்கமும் அடி வாங்குவார். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தயாராவது நல்லது. அது ஒன்றுதான் வாசல் என்று நினைத்துவிடாதே.

உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தை மாதம் லீவில் வந்தால் ஓர் இரவு அந்த மாணவர்களோடு நடக்கலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள். டார்ச் வேண்டாம். போகிற வழியில் குப்பத்துக்காரர் யாராவது வலை பின்னிக்கொண்டிருந்தால், என்னிடம் கேட்கிற கேள்விகளை முதலில் அவரிடம் கேள்.

அன்புடன்,
பெரியப்பா