ஒதுக்கலா, ஒதுக்கீடா?

கேள்வி: என் மகள் ஆறாம் படிவத்தில் வரலாறு படிக்கிறாள். 'அபார்தைட்' என்பதை ஒரு நூலில் நிறவெறி என்றும், இன்னொன்றில் இனஒதுக்கல் என்றும், வேறொன்றில் இனஒதுக்கீடு என்றும் பார்த்துவிட்டுக் குழம்புகிறாள். எது சரி? ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த என் அப்பாவோ, "நம்ம தோட்டத்துலயும் அதுதானே இருந்துச்சு" என்கிறார். அப்படிச் சொல்லலாமா?
— வாசகி, குளுவாங், ஜொகூர்

பதில்: 'அபார்தைட்' ஆங்கிலச் சொல் அல்ல. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தோர் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். 'அபார்ட்' என்றால் தனியாக. 'ஹெய்ட்' என்பது நம் 'மை' போன்ற விகுதி. அப்படியே தமிழாக்கினால் 'தனிமை' என்று வந்து நிற்கும்! இந்தச் சாதுவான சொல்லை முழக்கமாக்கித்தான் 1948 தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1950இல் வந்த ஒரு சட்டம் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிவேட்டில் எழுதியது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், இன்ன இனம் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்றது. டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி பயிரிட்டு, கோயில் கட்டி வாழ்ந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும் பலர், அங்கிருந்து கிளப்பப்பட்டார்கள். இந்தியர்களுக்கென்றே சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்பு உருவானது.

ஆகவே 'நிறவெறி' போதாது. அது ஒரு மனிதனின் புத்தியைச் சொல்லும். சட்டத்தையும் பதிவேட்டையும் சொல்லாது. 'இனஒதுக்கீடு' தவறே. ஒதுக்கீடு என்றால் பங்கு பிரித்துக் கொடுப்பது. பல்கலைக்கழக இடம் தேடி அலைந்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். ஒதுக்கல் என்பதோ தள்ளி வைப்பது. மகளை 'இனஒதுக்கல்' என்றே எழுதச் சொல்லுங்கள்.

இனி அப்பா சொன்னது. மேட்டில் வெள்ளைக்காரத் துரை பங்களா, நடுவில் கிராணி (எழுத்தர்) வீடு, பள்ளத்தில் தொழிலாளர் லயம். 'லயம்' என்பதே ஆங்கில 'லைன்' நம் வாயில் உருண்டு வந்ததுதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமாரும் கிராணிமாரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஆனால் சைக்கிளை விட்டு இறங்கு என்று நாட்டுச் சட்டம் எதிலும் எழுதியிருக்கவில்லை. அது தோட்டத்து வழக்கம். சட்டம் போட்டு நாடு முழுவதையும் கூறுபோட்டது தென்னாப்பிரிக்கா. 1960இல் லண்டனில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில் அந்த இனஒதுக்கலைக் கண்டித்துப் பேசியவர் நம் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது.

தோட்டத்தில் இருந்ததை 'நிறபேதம்' என்பேன். அப்பா அதற்குப் பெரிய பெயரைச் சூட்டிவிட்டார், அவ்வளவுதான், பட்டது பொய்யில்லை. உங்கள் தாத்தாவும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவரா என்று அப்பாவிடம் கேட்டு, மகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.