ஏழாவது பரிசல் எங்கே?

ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளின் நடுவே பாய்ந்து விழும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே மூங்கிலால் முடைந்த வட்டப் பரிசல்களில் மக்கள் ஆற்றில் செல்வார்கள். நீர் பெருகினால் எல்லாப் பரிசல்களும் கரை சேர்ந்தாக வேண்டும். அப்போது ஆற்றில் எத்தனை பரிசல்கள் என்ற கணக்குப் பிசகலாமா?

இக்கணக்கை ஒரு கணிப்பொறி வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் அது முதலில் குறிப்பேட்டில் வரிசை எண்ணிட்டு எழுதும். பிறகே கோப்பில் பதியும். ‘குறிப்பு 41: 6 பரிசல்கள்’ என்று குறிப்பேட்டில் எழுதியாயிற்று. கோப்பில் பதியுமுன் மின்சாரம் நின்றுவிட்டது! கோப்பில் இருப்பதோ ‘குறிப்பு 40: 5 பரிசல்கள்’.

மின்சாரம் வந்ததும் மீட்பு நிரல் இயங்குகிறது. கோப்பில் 40, குறிப்பேட்டில் 41. ஆகவே ‘6 என்று எழுத வேண்டும்’ எனத் தீர்மானிக்கிறது. எழுதுவதற்குள், துறையில் இருக்கும் எழுத்தர் நேரில் எண்ணிப் பார்த்து, ‘குறிப்பு 42: 7 பரிசல்கள்’ என்று பதிந்துவிடுகிறார். மீட்பு நிரல் இதை அறியாது. தான் முன்பு தீர்மானித்தபடி 7-ஐ அழித்து 6 என்று எழுதுகிறது. ஏழாவது பரிசல் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது!

இருவரில் யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் இந்நிலையைப் ‘பந்தய நிலை’ எனலாம். நூறு முறை சோதித்தாலும் இப்பிழை தென்படாமல் போகலாம்; இரு செயல்களும் ஒரே கணத்தில் குறுக்கிட்டால்தான் வெளிப்படும்.

இதற்குப் பரிகாரம் என்ன? ஒரு பூட்டு! வரிசை எண்ணைப் பார்ப்பதும் எழுதுவதும் முடியும்வரை மற்றவர் கோப்பைத் தொடக்கூடாது. மீட்பு நிரல் முந்தினால் 6 எழுதப்படும். பிறகு எழுத்தர் 7 என்று பதிவார். எழுத்தர் முந்தினால், மீட்பு நிரல் 42-ஐக் கண்டு, தன் 41 பழையது என்று விட்டுவிடும். எப்படியும் விடை 7 தான்.

எண்ணைப் பார்த்துவிட்டு, எழுதும்போது மட்டும் பூட்டினால் போதுமா? போதாது. ஏன் என்று சிந்தியுங்கள்.

வரிசை எண்ணை ஒப்பிட்டு மீட்கும் முறைகளுள் புகழ்பெற்றது ‘ஏரீஸ்’. தரவுத்தளங்களுக்கான இம்முறையை, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகன், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தம் குழுவினருடன் உருவாக்கினார். இதை விளக்கும் கட்டுரை 1992-இல் வெளிவந்தது.

செய்து பாருங்கள்: ஒரு பலகை, இரண்டு நண்பர்கள். ஒருவர் மீட்பு நிரல், மற்றவர் எழுத்தர். முதலில் பூட்டின்றி ஆடுங்கள். பிறகு ஒரே ஒரு சாக்குக்கட்டி வைத்துக்கொண்டு, அது கையில் இருப்பவரே பலகையைப் பார்க்கலாம், எழுதலாம் என்று ஆடுங்கள். அந்தச் சாக்குக்கட்டிதான் பூட்டு!