பல முகச் சிற்பம்

கேள்வி: காங்கோவின் லேகா மக்கள் சிறு சிற்பங்களைக் காட்டி மூத்தோர் மரியாதையைக் கற்றுத் தருவார்களாமே, எப்படி?

பதில்: கிழக்குக் காங்கோவில் வாழும் லேகா மக்களிடம் ‘ப்வாமி’ என்றொரு சங்கம் உண்டு. அதில் படிப்படியாகத்தான் உயர முடியும். வயது மட்டும் போதாது, நன்னடத்தையும் வேண்டும். தீட்சையின்போது மூத்தவர்கள் சிற்பங்களை எடுத்துக் காட்டி, பழமொழிகளைப் பாடி, ஆடி, பொருள் சொல்வார்கள்.

‘சகிமட்வெமட்வெ’ என்ற சிற்பத்துக்குப் பல முகங்கள். எல்லாப் பக்கமும் பார்த்து நியாயம் சொல்லும் மூத்தவரின் அறிவையே அது காட்டுகிறது. தந்தத்தில் செதுக்கியவை, உச்சப் படியான ‘கிண்டி’யை எட்டியவர்களுக்கே உரியவை. எண்ணெய் பூசித் தேய்த்துத் தேய்த்து அவை தேன் நிறத்தில் மினுமினுக்கும்.

பெல்ஜிய ஆட்சி 1948-இல் ப்வாமியைத் தடை செய்தது. ஊருக்கு நியாயம் சொன்ன பெரியவர்களுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி அது. அந்தச் சிற்பங்களில் பல இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.