ஒரு பதிப்பின் தவணை

கல்முனைக் கரையில் மென்பொருள் தொழிலில் இறங்கியிருக்கும் அன்புத் தம்பிக்கு,



எழுதிய நிரலை எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தந்து வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தவணை உண்டு. அந்தத் தவணைக்குள் பிழையோ பாதுகாப்பு ஓட்டையோ தெரியவந்தால் பராமரிப்பாளர்கள் திருத்தம் வெளியிடுவார்கள்; தவணை முடிந்த பின்னும் பதிப்பு இயங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதன் ஓட்டையை அடைக்கும் கடமை எவருக்கும் இல்லை. புதிய பதிப்பு வந்த பிறகும் பழையதற்குத் திருத்தம் தந்துகொண்டிருப்பது நீட்டித்த ஆதரவு எனப்படும். அது எத்தனை ஆண்டு நீள வேண்டும் என்ற கேள்வி இத்தொழிலில் ஓயாமல் எழுகிறது; பழையதும் புதியதும் சேர்ந்தே ஆதரவு பெற்று நிற்கும் இடைக்காலம் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. இளம் நிரலாளர் முதலில் கேட்டுப் பழக வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இக்கேள்வி இந்தக் கரைக்குப் புறம்பானதன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் ஊராக எண்ணினால் மாவட்டத்தில் மாண்டவர்கள் 10,000-க்கும் மேல். யார் காணாமற்போனார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது, எங்கே எது தேவை என்ற நான்கு கணக்கும் ஓரிடத்தில் இல்லாத அந்த நாட்களில், லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சூழ்ந்த தன்னார்வ நிரலாளர்கள் சில கிழமைகளில் கட்டி எழுப்பியதுதான் ‘சஹானா’. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால் அது 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், பின்னர் 2010-இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் போய் உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006-ஆம் ஆண்டுச் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. இந்தக் கரையின் துயரத்திலிருந்து பிறந்த ஒரு நிரல் உலகுக்குப் பயன்பட்டது என்பதை இங்கே இத்தொழில் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

சஹானா போன்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளின் இயல்பு வேறு. கடையின் கணக்கு மென்பொருள் நாள்தோறும் திறக்கப்படுவதால் அதன் பழுதும் நாள்தோறும் தெரியும். இதுவோ ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஒரு விடியற்காலையில் திடீரென வேண்டப்படும். சஹானா முதலில் எழுதப்பட்டது பிஎச்பி என்ற நிரல் மொழியில். அந்த மொழியின் நான்காம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2008 ஆகஸ்டில் நின்றன, ஐந்தாம் பதிப்பு வரிசை 2018 இறுதியில் முடிந்தது. ஆகவே 2005-இல் எழுதிய எந்தப் பிஎச்பி நிரலையும் தொடாமல் வைத்திருந்தால், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே அதன் காலடி மண் கரைந்துபோயிருக்கும். சஹானாவின் பின்னைய வடிவமான ‘ஈடன்’ பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அந்தப் பைதனின் இரண்டாம் பதிப்பும் 2020 ஜனவரி 1-இல் தவணை முடிந்தது. ஒரு மென்பொருளின் ஆயுள், அது தாங்கி நிற்கும் அடுக்குகளுள் எதன் தவணை முந்தி முடிகிறதோ அதனால்தான் அளக்கப்படுகிறது.

அப்படியானால் எல்லாப் பதிப்புக்கும் இருபது ஆண்டு ஆதரவு தந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. திருத்தம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அருகிருந்து பார்த்தால் அதன் பாரம் புரியும். புதிய பதிப்பில் ஓர் ஓட்டை தெரிகிறது, மூன்று வரியில் அதை அடைத்துவிடுகிறார்கள் என்று கொள்ளலாம். ஆறு ஆண்டு பழைய பதிப்பில் அதே வேலையைச் செய்யும் பகுதி வேறொரு கோப்பில், வேறொரு பெயரில், வேறொரு அமைப்பில் இருக்கும். மூன்று வரியை அப்படியே ஒட்ட முடியாது. அந்தப் பழைய அமைப்புக்கு ஏற்பத் திருத்தத்தை மறுபடி எழுதி, அதனால் வேறெதுவும் உடையவில்லை என்று சோதித்து வெளியிட வேண்டும். பேக்போர்ட் எனப்படும் இவ்வேலை ஆண்டு ஏற ஏறக் கடினமாவதுடன், புதியது படைக்கும் மகிழ்ச்சியும் அதில் இல்லை. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் கருநிரலுடைய நீண்டகாலப் பதிப்புகளுக்குத் தரப்பட்டுவந்த ஆறாண்டு ஆதரவு இரண்டாண்டாகக் குறையும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: அவ்வளவு பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் சிலரே, பராமரிப்பவர்களோ களைத்துப்போயிருக்கிறார்கள். பெரும் நிறுவனங்கள் சூழ்ந்து நிற்கும் லினக்ஸுக்கே இந்த நிலை என்றால், இரண்டு பேர் இரவில் கண்விழித்து நடத்தும் ஒரு திட்டத்திடம் பத்தாண்டு கேட்பது நியாயமாகாது.

நீளமான தவணைக்கு இன்னொரு குறையும் உண்டு. பைதன் மூன்றாம் பதிப்பு 2008-இலேயே வந்துவிட்டது. இரண்டாம் பதிப்பின் முடிவு முதலில் 2015 என்று குறிக்கப்பட்டு, பலர் மாறாததால் 2020-க்குத் தள்ளப்பட்டது. தள்ளியது இரக்கமே, ஆயினும் நாள் இருக்கிறது என்று எண்ணிப் பலர் கடைசி ஆண்டுவரை இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதற்கு நேர்மாறான தவறு சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் நடந்தது. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பலர் தங்கள் சேர்வர்களை அதன்மேல் நிறுவியிருந்த நிலையில், 2021 இறுதியோடு முடிப்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். குறித்த நாளை முன்னே இழுப்பது பின்னே தள்ளுவதைவிடப் பன்மடங்கு பெரிய பிழை. மூன்றாண்டு என்று சொல்லி மூன்றாண்டு நின்றவரை நம்பி ஒரு வைத்தியசாலை தன் வேலையைத் திட்டமிட முடியும், பத்தாண்டு என்று சொல்லிப் பாதியில் விட்டவரை நம்பி முடியாது.

இடைக்காலம் என்ற கருத்தை விளங்கிக்கொள்ள மருதமுனையின் கைத்தறிகளைப் போய்ப் பார்த்தால் போதும். தறியில் ஒரு பாவு முடியப்போகும்போது நெசவாளர் அதை அடியோடு அறுத்து எறிவதில்லை; பழைய பாவின் நுனிகள் அச்சில் கோத்தபடியே இருக்க, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைத்து, மெல்ல இழுத்து அச்சைக் கடக்கச் செய்கிறார்கள். பழைய இழை அங்கே இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளையும் முதலிலிருந்து கோக்க வேண்டிவரும். மென்பொருளிலும் இப்படித்தான்: உபுண்டு என்ற இயங்குதளத்தின் நீண்டகாலப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவந்து ஐந்தாண்டு ஆதரவு பெறுவதால், புதியது வந்த பின்னும் பிணைத்து முடிக்க மூன்றாண்டு கிடைக்கிறது. கொவிட் பரவத் தொடங்கிய 2020 ஜனவரியில் இலங்கைச் சுகாதாரத் துறை கண்காணிப்புக்குத் தகவமைத்துக்கொண்டதும், பின்னர் வேறு நாடுகளும் பின்பற்றியதுமான டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூலச் சுகாதாரத் தகவல் மென்பொருள், ஆண்டைக் குறிக்காமல் கடைசி மூன்று பதிப்புகளுக்கு ஆதரவு என்ற விதியை வைத்திருக்கிறது. இந்த விதியிலும் நீளத்தைவிட இடைக்காலமே காக்கப்படுகிறது.

இந்நாட்டு அலுவலகங்களுக்கு எவ்வளவு இடைக்காலம் தேவை? ஒரு பிரதேச செயலகமோ வைத்தியசாலையோ புதிய பதிப்புக்கு மாற முடிவெடுத்தால், முதலாம் ஆண்டு பாதீட்டில் ஒதுக்கீடு பெறுவதிலும், இரண்டாம் ஆண்டு கொள்வனவிலும் பயிற்சியிலும் கழிகிறது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் பயிற்சி மீண்டும் தொடங்க வேண்டும். ஆகையால் அடித்தள மென்பொருளுக்கு ஐந்தாண்டும், அதற்குள் குறைந்தது இரண்டாண்டு இடைக்காலமும் இல்லாத ஒன்றைப் பொது அலுவலகத்துக்குப் பரிந்துரைப்பது தகாது. சொந்தமாக மென்பொருள் எழுதி வெளியிடும் இளைஞர் தம் கைகளை எண்ணிப் பார்த்து, இரண்டாண்டுதான் முடியும் என்றால் இரண்டாண்டு என்றே முதற்பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், தேதியோடு எழுதிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குமேல் ஆதரவு வேண்டுவோர் பணம் சேர்த்துத் தர வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் பதிப்புகளுக்கான நீண்டகால ஆதரவு 2014 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்து தரும் பணத்தால்தான் நடந்துவருகிறது.

தமிழ் பேசுவோர்க்கு இந்த இடைக்காலம் இன்னும் சற்று நீள வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இலங்கையின் தமிழ் அலுவலகங்களில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு நடந்தது. அது ஒருங்குறி (யூனிகோட்) முறையில் அமைந்ததன்று. திரையில் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே, ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் அரைப்புள்ளி. பழைய தரவுத்தளத்திலிருந்து பெயர்களைப் புதிய பதிப்புக்கு எடுத்துச் செல்லும்போது எழுத்துருவின் போர்வை நீங்கிவிட, ஒரு மனிதரின் பெயர் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாக வந்து நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அதே பட்டியலில் உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்களும் கலந்திருந்தால், கருவி அவற்றையும் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும். ஆகவே பழைய பதிப்பு இயங்கும்போதே இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து, அந்த ஊரின் பெயர்களை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, வரி வரியாக ஒப்புநோக்க வேண்டும்; பதிப்பின் கடைசி ஆண்டை இந்த ஒரு வேலைக்கென்றே ஒதுக்கிவைப்பது நன்று.