கண்கூச்சமும் தலைக்கவசக் கண்ணாடியும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலைமை வாய்ந்தது என்பது யாவரும் ஒப்பிய உண்மை. அக்கண்ணைக் காக்கும்பொருட்டு அணியும் கண்ணாடியே சிற்சில வேளைகளில் அதனை மறைக்குமாயின், அதன் காரணத்தை ஆராய்தல் நம் கடமையன்றோ? நம் கல்லூரி மாணவருள் பலர் நாள்தோறும் சோழநாட்டுச் சிற்றூர்களினின்று மோட்டார் சைக்கிளில் வந்து பயில்கின்றனர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் தலைக்கவசம் அணிதலைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆதலின், அக்கவசத்தின் முகப்பில் அமைந்து ‘வைசர்’ என வழங்கும் கண்ணாடியில் கண்கூச்சம் உண்டாதற்குக் காரணமும், பகலினும் இரவினும் அதனைக் குறைக்கும் வழியும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப்படும்.

முதற்கண் பகலொளியை நோக்குவோம். சம்பா நடவுக் காலத்தில் தஞ்சை வயல்கள் நீர் நிரம்பிக் கண்ணாடி பதித்தாற்போல் விளங்கும். கதிரவன் உச்சியில் நிற்குங்கால் நீர்ப்பரப்பு நூற்றில் இரண்டு பங்கு ஒளியையே திருப்பும். அடிவானினின்று 10 பாகை உயரத்திற்கு அவன் தாழும்போதோ, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பும். மாலையில் திருவையாற்றினின்று கல்லணை நோக்கி மேற்கே செல்வார்க்கு, வானத்தில் ஒரு ஞாயிறும் வயலில் ஒரு ஞாயிறும் எதிர்நிற்பது இதனாலேயே.

இங்ஙனம் நீரிற் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டத்தில் அதிர்வதாகும். இதனை அறிவியலார் தளவிளைவு என்பர். வைசரினுள்ளே அணியும் போலராய்டு கண்ணாடி அவ்வதிர்வைத் தடுத்துக் கூச்சத்தைத் தணிக்கும். காவிரிநாட்டுத் திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டு கப்பற்பயணத்தில் நிகோல் பட்டகத்தின் வாயிலாகக் கடலை நோக்கி, மேற்பரப்பின் மினுக்கத்தை நீக்கி, நீரின் உள்ளிருந்து வரும் நீலத்தைக் கண்டதும் இம்முறையாலேயாம். ஞாயிறு ஏறக்குறைய 37 பாகை உயரத்தில் நிற்கும் முற்பகலினும் பிற்பகலினும் இஃது மிகுதியும் பயன்படும். மிகத் தாழ்ந்தபின் பயன் குறையும். அப்போது தலையைச் சற்றே குனிந்து, கவசத்தின் மேல்விளிம்பு ஞாயிற்றை மறைக்குமாறு மெல்லச் செல்லுதலே நன்று.

நிற்க, இரவின் செய்தி வேறு. பகலில் எங்கும் ஒளி மிகுதலே குறை. இரவிலோ எங்கும் இருள் சூழ, எதிர்வண்டியின் விளக்கு மட்டும் மிகுகின்றது. ஆதலின் கருங்கண்ணாடி இரவிற்கு ஆகாது. நூற்றுக்கு 80 பங்கிற் குறைந்த ஒளியையே உட்செலுத்தும் வைசரின்மேல் ‘பகலுக்கு மட்டும்’ எனக் குறித்தல் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 22ஆம் தலைக்கவச விதி. மஞ்சட் கண்ணாடி இரவிற்கு நன்று எனக் கூறி விற்பாரும் உளர். எனினும், எதிரொளியின்முன் நடந்து செல்வாரைக் காண்பதற்கு அஃது உதவவில்லை என்று 2019ஆம் ஆண்டு வெளிவந்த பாஸ்டன் நகர ஆய்வொன்று காட்டிற்று.

அங்ஙனமாயின், இரவிற் கூச்சத்தை மிகுவிப்பது யாது? சென்ற தைத்திங்களில் ஓரிரவு பாபநாசத்தினின்று தஞ்சைக்கு மீண்டுகொண்டிருந்தேன். அறுவடைக் காலமாதலின், சாலையோரத்தில் நெல்லைக் காயவைத்துத் தார்ப்பாயால் மூடியிருந்தனர். எதிரே ஒரு லாரி வந்தது. என் கண்ணாடி முழுதும் வெண்புகை படர்ந்தாற்போல் ஒளி பரவிற்று. லாரி கடந்த பின்னரே, என் சக்கரத்திற்கு ஒரு முழத் தொலைவில் நெற்குவியலும், அதனைக் காத்து அமர்ந்திருந்த முதியவர் ஒருவரும் புலனாயினர். “தம்பி, கண்ணு தெரியலையா?” என்றார் அவர். நான் லாரிக்காரரைப் பழித்தேன். மறுநாள் வைசரை விளக்கின்முன் பிடித்து நோக்கியபோது, நுண்ணிய கீறல்கள் சிலந்திவலைபோல் மின்னின. அவற்றை உண்டாக்கியவன் நானே.

என்னை? வைசர் பாலிகார்பனேட் என்னும் பொருளால் ஆயது. எளிதில் உடையாது, ஆயின் எளிதிற் கீறும். நெல்லின் உமியிலோ, மணலில் உள்ள சிலிக்கா மிகுதியாக உண்டு. உமித்தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த துண்டால் துடைத்தல் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதனையே ஒக்கும். ஒவ்வொரு கீறலும் எதிரொளியைச் சிதறச்செய்து, காணவேண்டிய மங்கிய பொருளின்மேல் ஒளித்திரையை விரிக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் விளக்கை நாடி மொய்க்கும் தத்துப்பூச்சிகளின் கறையும் அவ்வாறே செய்யும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நனைத்த மெல்லிய துணியைச் சில நிமிடம் வைசரின்மேல் இட்டுக் கறையை ஊறவிடுக. பின்னர்ச் சோப்புநீரால் மெல்லக் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்துக. பெட்ரோலும் தின்னரும் ஒருபோதும் ஆகா. கீறல் மிகுந்த வைசரை மாற்றிவிடுக. எதிரே விளக்கு வருங்கால் அதனை உற்றுநோக்காது, சாலையின் இடவோரத்தை நோக்கி வேகத்தைக் குறைத்திடுக. நம் விளக்கையும் தாழ்த்துதல் வேண்டும்; பிறர்க்கு நாமும் எதிரொளியே அல்லமோ?

மலைப்பிரசங்கத்திற் கூறிய துரும்பையும் உத்திரத்தையும் பற்றிச் சிறுவயது முதலே கேட்டு வந்துள்ளேன். லாரியின் விளக்கைப் பழித்து என் கண்ணாடியை நோக்காதிருந்த அன்றுதான் அவற்றின் பொருள் எனக்கு விளங்கிற்று. மாணவ நண்பர்காள்! இன்று மாலை வீடு திரும்புமுன், நும் வைசரை ஒருமுறை ஒளியின்முன் பிடித்து நோக்குமின்.