கேம் திக்குதா? மானிட்டர் மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

“144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தாத்தான் ஆட முடியும்” என்று பிள்ளைகள் நச்சரிக்காத வீடு நம்ம மணலி, திருவொற்றியூர் பக்கம் குறைவு. வாங்கலாம், தப்பில்லை. அதற்கு முன் காசில்லாமல் ஆகிற வேலைகளை முடித்துவிடுவோம், தோழிகளே.

1. ஹெர்ட்ஸ் திரையின் வேகம், எஃப்.பி.எஸ். கம்ப்யூட்டர் படம் வரைந்து தரும் வேகம். பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் கல்லில் வேகிறது நாலு தோசைதான் என்றால் என்ன செய்ய? கேமுக்குள் எஃப்.பி.எஸ். காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். 60-ஐயே எட்டவில்லை என்றால் புது மானிட்டர் தண்டச் செலவு.

2. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதா? விண்டோஸ் பல நேரம் அதை 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் மாற்றிவிடுங்கள்.

3. கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தால் கார்டுக்குக் கொடுத்த காசு வீண். பின்பக்கம் எட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5-ல் 4கே தரத்தில் 120 வேண்டுமென்றால் டிவியில் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் பெட்டியோடு வந்த கேபிளைத் தூக்கி எறிய வேண்டாம், அதுவே போதும்.

4. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 120-ல் 8.3 தான். பாதியாகக் குறைவதால் குறி பார்க்கிற கைக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். 240-க்குப் போனால் குறைவது இன்னொரு 4 மட்டுமே, விலையோ எகிறும். போட்டிக்குப் போகிற பிள்ளை இல்லையென்றால் 120, 144 தாராளம்.

5. “சினிமாவே நொடிக்கு 24 படம்தானே, நல்லாத்தானே இருக்கு?” என்று வீட்டுக்காரர் மடக்குவார். கேமராவில் எடுக்கும்போது அசைவு லேசாகக் கலங்கிப் பதிவதால் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரிகிறது. அதோடு படம் பார்க்கிறவர் எந்தப் பட்டனையும் அமுக்குவதில்லை. கேமில் விரல் அமுக்கியது திரையில் எப்போது தெரிகிறது என்பதுதான் விஷயமே. செஸ், லூடோ மட்டும் ஆடுகிற வீடு என்றால் அவர் கட்சிதான் ஜெயிக்கும், 60 போதும்.

6. நம்ம ஊர்ச் சங்கதி இது. கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதி கேபினெட் ஃபேனில் அப்பிக்கொள்ளும். சூடு ஏறினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பழி மானிட்டர் மேல் விழும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். சுற்ற விட்டு ஊதினால் ஃபேனே கெட்டுப்போகலாம். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் ஏற்றினால் தூசியும் குறையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளம் வந்தாலும் முதலில் நனையாது.

7. போனில் பிஜிஎம்ஐ ஆடுகிறவர்கள் கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’தில் வைத்தால் அதிக ஃபிரேம் ரேட் திறக்கும். சார்ஜ் போட்டபடி ஆட வேண்டாம், பின்கவரைக் கழற்றிவிடுங்கள், மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். 90-க்கும் 40-க்கும் குதிப்பதைவிட அசையாத 60 மேல்.

8. டிவி பெட்டியில் ‘மோஷன் ரேட் 200’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். நடுநடுவே படத்தை இட்டு நிரப்பும் வித்தையைச் சேர்த்துச் சொல்கிற எண் அது. உள்ளே பேனல் பெரும்பாலும் 50, 60 தான். ‘கேம் மோட்’ போட்டால் அந்த வித்தை அடங்கி, பட்டனுக்குத் திரை உடனே பதில் சொல்லும்.

9. படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரிகிறதா? மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் இருந்தால் போட்டுவிடுங்கள்.

10. எதிராளி திடீரென்று இங்கிருந்து அங்கே தாவினால் அது நெட் கோளாறு, ஹெர்ட்ஸ் பாவம். வைஃபையை விட்டு ஒரு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள்.

11. கதை கேம் ஆடும்போது எஃப்.பி.எஸ்.ஸை 60-ல் பூட்டிவையுங்கள். கார்டுக்கு வேலை குறையும், ஃபேன் இரைச்சல் அடங்கும், கரண்டும் மிச்சம். இரண்டு மாத ரீடிங்கில் 500 யூனிட் ஓரத்தில் நிற்கிற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம், தாண்டினால் பில் எகிறும்.

12. தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரே 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. கேம் துள்ளிக்கொண்டு ஓடும்.

13. எல்லாம் செய்தும் வாங்கத்தான் வேண்டுமென்றால், விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்குங்கள், ரிச்சி தெரு பக்கம்தான். பழைய மானிட்டர் என்றால் கடையிலேயே 144-ல் ஓடவிட்டு, திரை முழுக்க வெள்ளையும் கறுப்பும் போட்டுப் புள்ளி செத்திருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் காசை நீட்டாதீர்கள்.