40 மீற்றர் றிசீவர் கிட்: பழுது பார்க்கவும் சுருதி கூட்டவும் ஏற்ற வழி

வீட்டில் கட்டப்படும் 40 மீற்றர் அமெச்சூர் றேடியோ றிசீவர் கிட்டுகளில் இரண்டு வகை பரவலானவை. டிரெக்ட் கன்வேர்ஷன் வகையில் 7 மெகாஹேர்ட்ஸ் சைகை ஒரே மிக்சரில் நேரே ஒலியாகிறது. சூப்பர்ஹெற் வகையில் அது முதலில் ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாறி, கிறிஸ்டல் வடிகட்டியைக் கடந்த பின்பே ஒலியாகும். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40இல் அந்த அதிர்வெண் 12 மெகாஹேர்ட்ஸ். செங்கலடியில் ஒரு மல்டிமீற்றரை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குபவருக்கு முதல் வகையே நல்லது. பாகங்கள் குறைவு, பழுது ஒளிந்திருக்க இடமும் குறைவு. அதன் குறை இரவில் தெரியும். இலங்கையில் அமெச்சூர்களுக்கு உரியது 7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரை, அதற்கு மேலே சிற்றலை ஒலிபரப்புகள் தொடங்கிவிடுகின்றன. எங்கே திருப்பினாலும் அவை பின்னணியில் கேட்டால், அன்ரெனா வாயிலில் 1 கிலோஓம் பொட் ஒன்றை வைத்து சைகையைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் சூப்பர்ஹெற்றுக்கு மாற வேண்டும்.

சோதனை முடியும்வரை மின்சாரம் பற்றரியிலிருந்தே வரட்டும். மலிவான அடப்ரரின் இரைச்சல் கிட்டின் பழுதுபோலவே கேட்கும்.

பழுது தேட இரு வழிகள் உண்டு: வோல்ற்றளவை அளப்பது, சைகையை உட்செலுத்துவது. எது முதலில் என்பதை அறிகுறியே சொல்லும். சிறு இரைச்சல்கூட இல்லையென்றால் மீற்றரை எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி ஐசியான எல்எம்386இன் 6ஆம் காலில் முழு வோல்ற்றளவும் 5ஆம் காலில் அதில் பாதியும் இருக்க வேண்டும். மிக்சர் ஐசியான எஸ்ஏ612இன் 8ஆம் காலில் வோல்ற்றளவு 8ஐத் தாண்டக்கூடாது. 1, 2ஆம் கால்களில் ஏறத்தாழ 1.4 வோல்ற் நிற்கும்.

இரைச்சல் கேட்டும் நிலையம் எதுவும் கேட்காவிட்டால் மீற்றர் அதிகம் உதவாது, சைகையை உட்செலுத்த வேண்டும். ஒலிக் கட்டுப்பாட்டின் நடுக்காலை ஸ்குறூடிரைவரின் உலோக முனையால் விரல் பட்டபடி தொட்டால் உறுமல் வர வேண்டும். வந்தால் ஒலிப்பகுதி சரி. அடுத்து அன்ரெனாவைச் செருகும்போது இரைச்சல் கூடுகிறதா என்று கேட்க வேண்டும். கூடாவிட்டால் வளையச் சுருள்களையே முதலில் சந்தேகிக்கலாம். எனாமல் சுரண்டப்படாத கம்பியில் ஈயம் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், ஆனால் மின்தொடர்பு இராது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு சுருளின் இரு முனைகளுக்கிடையே ஓம் அளந்தால் பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். இந்தச் சோதனை தேறும்வரை எந்த ட்ரிம்மரையும் தொடக்கூடாது. திருப்பிவிட்டால் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

சுருதி கூட்டுவதில் காது ஓரிடத்துக்குப் போதும், இன்னோரிடத்துக்குப் போதாது. உள்வாயில் ட்ரிம்மரை அன்ரெனா இரைச்சல் உச்சம் தொடும்வரை காதாலேயே திருப்பலாம். அதிர்வெண்ணைக் காது சொல்லாது. அதற்கு மலிவான வழி, பழைய பட்டன் தொலைபேசி போர்டுகள் பலவற்றில் இருக்கும் 3.579545 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல். அதைக்கொண்டு ஒரு ட்ரான்சிஸ்டர் ஒசிலேற்றர் கட்டி அருகில் வைத்தால், அதன் இரண்டாம் மடங்கு 7.159 மெகாஹேர்ட்ஸில் விசிலாகக் கேட்கும். அந்த விசில் டயலில் இடம் மாறிக் கேட்டால் ஒசிலேற்றர் சுருளைச் சரிசெய்ய வேண்டும்: சுற்றுகளை நெருக்கினால் அதிர்வெண் இறங்கும், விரித்தால் ஏறும். நானோவிஎன்ஏ போன்ற கருவி சூப்பர்ஹெற்றின் கிறிஸ்டல் வடிகட்டியை ஆராயும்போதே செலவுக்கு ஈடாகும்.

அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருந்தால் ஒசிலேற்றரின் சாதாரண செராமிக் கொண்டென்சர்களுக்குப் பதில் என்பிஓ வகையை இட வேண்டும். செங்கலடி போன்ற இடங்களின் வாவிக் காற்றின் ஈரத்தில் சுற்றுகள் அசையாதபடி சுருளை மெழுகால் உறைய வைப்பதும் அவசியம்.

இறுதிச் சோதனைக்குத் தென்னைகளுக்கிடையே கையொன்று 10 மீற்றராக இருமுனை அன்ரெனா கட்டினால் போதும். காலையில் இலங்கையின் 4எஸ்7 நிலையங்களும் தமிழ்நாட்டுக் குரல்களும் கேட்க வாய்ப்புண்டு. ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் வேலை முடிந்ததும் அன்ரெனாவைக் கழற்றிவிட வேண்டும்.